முப்பத்தொரு நாள்

கடல் கடந்து போனவன் ஊருக்குத் திரும்பி வருவதற்குக் காரணங்கள் பல உண்டு. நல்லூர்த் தேருக்கு வருவான்; தங்கையின் கலியாணத்துக்கு வருவான்; பிள்ளைகளுக்குப் பனைமரம் காட்டவேண்டுமென்று வருவான். அந்த வரவுகளிலெல்லாம் அவனை எதிர்பார்த்துப் படலையடியில் ஒருவர் நிற்பார். பெற்றவர்களுள் ஒருவரை இழந்தபின் வருகின்ற வரவோ வேறு. படலையடியில் நின்றவர் இப்போது இல்லை என்பதைக் கண்ணாற் காண்பதற்கென்றே அவன் அத்தனை தூரம் பயணஞ் செய்து வருகிறான். அத்தகைய வரவொன்றை அருகிலிருந்து காணும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. வாய்ப்பு என்று கூறுவது பொருந்துமோ என்று ஐயுறுகின்றோம்; ஆயினும் வேறு சொல் தோன்றவில்லை.

எமது பள்ளித் தோழர் ஒருவரின் தந்தையார் 2019ஆம் ஆண்டு, விளம்பி வருடத் தை மாதத்து அபரபக்க அட்டமித் திதியில், ஒரு திங்கட்கிழமை காலை 6 மணியளவிலே காலமானார். சுன்னாகத்துக்கு அணித்தாயுள்ள ஒரு கிராமம் அவருடைய ஊர். தபாற் கந்தோர்களிலே நெடுங்காலம் கடமையாற்றி இளைப்பாறியவர். யாழ்ப்பாணத்திலே திங்கட்கிழமை விடிந்துகொண்டிருந்த அவ்வேளையில், மகன் வாழும் ரொறன்ரோ நகரிலே ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழரை மணி. அன்று காலையிலேதான் மகன் தொலைபேசியிலே தந்தையின் முகம் பார்த்துப் பேசியிருந்தார். சளி என்றாராம். கசாயம் குடிக்கும்படி மகன் கூறினாராம். அவ்வளவுதான்.

மறுநாள் இரவு புறப்படுவதற்கு விமானச் சீட்டு எடுத்தார். ஆனால் அந்தத் திங்கட்கிழமை ரொறன்ரோவிலே கடும் பனி கொட்டிற்று. விமானங்கள் பல நின்றுபோயின. அடுத்துக் கிடைத்த இருக்கை புதன்கிழமை இரவுக்கு. அங்கிருந்து கொழும்புக்கு நேரே வரும் விமானம் இல்லை. இடையில் ஓரிடத்தில் இறங்கி மாறவேண்டும். கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். எப்படிக் கணக்கிட்டாலும் சனிக்கிழமை காலைக்கு முன் வீட்டு முற்றத்திலே அவர் கால் வைக்க இயலாது.

செவ்வாய்க்கிழமை மாலை அவ்வீட்டு விறாந்தையிலே உறவினர் கூடியிருந்தனர். நாமும் ஒரு மூலையிலே கதிரையொன்றில் அமர்ந்திருந்தோம். பெரியவர்கள் யாவரும் ஒரே கருத்தினர். தந்தைக்கு மூத்த மகன் கொள்ளி வைக்கவேண்டும். இவர்களுக்கோ உள்ளது ஒரே மகன். மலர்ச்சாலையார் பதப்படுத்தித் தந்த உடல் சனிக்கிழமை வரை தாராளமாக இருக்கும். ஆகவே காத்திருப்போம் என்றனர். வவுனியாவிலிருந்து வந்திருந்த மகளும் அதையே கூறினார். அப்போது அறைக்குள்ளிருந்து தாயார் வெளியே வந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர்.

“நாளைக்கு எடுங்கோ. அவரைப் பெட்டிக்குள்ளை காக்க வைக்க எனக்கு மனமில்லை,” என்றார்.

எவரும் விடை கூறவில்லை. பின்னர் ஒரு முதியவர் மட்டும், “தம்பி வந்து கேட்டால் என்ன சொல்லுறது, பிள்ளை?” என்றார்.

“நான் சொல்லுறன்.”

அத்துடன் பேச்சு முடிந்தது. சிறிய தகப்பனாரின் மகன், ஊரிலேயே வெங்காயத் தோட்டஞ் செய்து வாழ்பவர், கொள்ளி வைப்பதென்று முடிவாயிற்று. எமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்தத் தாயார் மகனுக்குக் கொடுமை இழைத்துவிட்டார் என்றே நாம் எண்ணினோம் என்பதை ஒளிக்காமற் கூறவேண்டும்.

நிற்க. பெற்றோரின் கடைசிக் கடனுக்கு மகன் வந்துசேர்வது பற்றி எம்மவர் நெஞ்சிலே இத்துணை ஆழமான எண்ணம் வேரூன்றியமைக்குக் காரணம் உண்டு. பட்டினத்தார் வரலாற்றை அறியாதார் யார்? எல்லாவற்றையும் துறந்து வெளியேறிய அவரும், தாயின் ஈமக்கடனை மட்டும் துறக்கவில்லை. எங்கிருந்தாலும் வருவேன் என்று வாக்களித்துச் சென்றார், வந்தார், பச்சை வாழை மட்டையிலே சிதை அடுக்கித் தீ மூட்டினார் என்று கூறுவர். காலடியிலே பிறந்த சங்கரரைப் பற்றியும் இவ்வாறே ஒரு கதை வழங்குகிறது. சந்நியாசிக்குக் கருமம் இல்லை என்று ஊரவர் தடுத்தபோதும் அவர் தாய்க்குத் தாமே தகனஞ் செய்தாராம். துறவிகளே வந்தார்கள் என்றால் இல்லறத்தான் வராமலிருக்கலாமா என்பது எம்மவர் கேள்வி.

ஆயின் அக்கதைகளிலே விமானச் சீட்டும் விசாவும் இல்லை. வர இயலாதவர்களின் கதை ஒன்றை மகாத்மா காந்தியின் வாழ்விலே காண்கிறோம். 1888ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் பம்பாயிலே கப்பலேறி இலண்டன் சென்ற அவர், பாரிஸ்டர் ஆகி 1891ஆம் ஆண்டு யூலை மாதம் திரும்பிவந்தார். தாயைக் காணும் ஆவலோடு இறங்கியவருக்குத் துறைமுகத்துக்கு வந்திருந்த தமையனார் அப்போதுதான் உண்மையைக் கூறினார். தாயார் முன்னரே இறந்துவிட்டார். அந்நிய நாட்டிலே தனித்திருக்கும் தம்பிக்குத் துயர் வேண்டாமென்று அச்செய்தி மறைக்கப்பட்டிருந்தது. தந்தையை இழந்தபோது உண்டானதிலும் பெருந்துயரம் அப்போது உண்டாயிற்று என்றும், ஆயினும் வெளியே அதை அதிகம் காட்டிக்கொள்ளவில்லை என்றும் அவர் தமது சரிதத்திலே எழுதியிருக்கிறார். தாயில்லாத உலகிலே தாயிருப்பதாக எண்ணிப் படித்துக்கொண்டிருந்த அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். மறைத்தது அன்பினாலேதான். ஆனாலும் துயரப்படுவதற்குரிய காலம் ஒருவனிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது அல்லவா?

எமது யாழ்ப்பாணத்தவருக்கும் இது புதிதன்று. மலாயாவிலே 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதற் புகையிரதம் ஓடத் தொடங்கிய காலந்தொட்டு, இருப்புப்பாதைத் திணைக்களத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்ப்பதற்காக எம்மவர் கப்பலேறினர். இங்கே கல்வீடு எழுந்ததும், கோயிற் கோபுரங்கள் உயர்ந்ததும், கல்லூரிகளுக்கு மண்டபங்கள் கிடைத்ததும் பெரும்பாலும் அந்தச் சம்பளத்தினாலேதான். ஆனால் தாய் இறந்தால் தந்தி போகும், மகன் அங்கே தலை முழுகுவான், அவ்வளவே. வருவதற்கு விடுமுறை கிடைக்கும்போது ஆட்டைத் திவசமும் கழிந்திருக்கும். அதனிலும் கொடியது 1942ஆம் ஆண்டு பெப்ரவரியிலே சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தபின் வந்த காலம். மூன்றரை ஆண்டுக்கு மேலாக இரு கரைகளுக்குமிடையே தபாற் போக்குவரத்து அற்றுப்போயிற்று. எமது தோழரின் பூட்டனார் அப்போது ஈப்போவிலே இருந்தவர். 1943இல் இறந்த தாயாருக்கு அவர் அங்கிருந்து 1945 வரை நலம் விசாரித்துக் கடிதங்கள் எழுதி, அனுப்ப வழியின்றிப் பெட்டியிலே அடுக்கி வைத்திருந்தார் என்று அக்குடும்பத்திலே ஒரு பேச்சு உண்டு.

பின்னர் வந்த பெயர்வு உத்தியோகத்தின் பொருட்டன்று, உயிரின் பொருட்டு. 1983ஆம் ஆண்டு யூலைக்குப் பின் எம்மவர் உலகமெங்குஞ் சிதறினர். 1986ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காக்கும் படகுகளிலே தத்தளித்த 155 தமிழரைக் கனடா நாட்டு மீனவர் கண்டெடுத்த செய்தியை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அகதியாகச் சென்றவனுக்கு ஊருக்கு வருவதிலே தனியான இடர் ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின்படி, தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாகவே மீண்டும் நாடுபவன் அகதி என்னும் நிலையை இழக்கலாம். ஆகவே தாய் இறந்தாள் என்று கேட்டும் விமான நிலையத்துக்குப் போக அஞ்சிய மக்கள் ஆயிரக்கணக்கிலே இருந்தனர். பனிக்கால இரவுகளிலே, தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, ஓர் அறையிலே நால்வர் ஐவராக இருந்துகொண்டு ஊரிலே நடக்கும் எட்டுச் செலவைக் கற்பனையிலே கண்டவர்கள் அவர்கள்.

எமது தோழர் 1999ஆம் ஆண்டிலே புறப்பட்டார். அப்போது யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி இல்லை; அனுமதி பெற்று, காங்கேசன்துறையிலே கப்பலேறித் திருகோணமலை சென்று, அங்கிருந்து கொழும்பு போகவேண்டும். அன்றைக்குத் தந்தையார் துறைமுகம் வரை போக முடியவில்லை. பேருந்து ஏறுமிடத்திலே நின்று, “அடையாள அட்டை இருக்கோ?” என்று மட்டுங் கேட்டாராம். 2007ஆம் ஆண்டு பேத்தியார் இறந்தபோது ஏ9 வீதி பூட்டப்பட்டிருந்தது; கனடாவிலிருந்து மட்டுமன்றிக் கொழும்பிலிருந்தும் எவரும் வரவில்லை. போர் முடிந்தபின் 2012இலே ஒருமுறை, மனைவி மக்களோடு மூன்று கிழமை வந்து போனார். இருபது ஆண்டிலே மூன்று கிழமை. இதை நாம் குற்றமாகக் கூறவில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் பின்னர் அவரே போட்டுப் பார்த்தார் என்பதனாலே இங்கு எழுதுகிறோம்.

புதன்கிழமை நண்பகல் பிரேதம் எடுத்தார்கள். முற்றத்துப் பந்தலிலே கருவிகளோடு இரண்டு இளைஞர்கள் நின்று, கிரியைகள் முழுவதையும் படம் பிடித்து உடனுக்குடன் வெளிநாடுகளுக்கு அனுப்பினர். செத்த வீட்டிலே கமரா கொண்டு திரிவதை நாம் பல காலமாக வெறுத்து வந்திருக்கிறோம். ஒப்பாரி வைக்கும் பெண்ணின் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடிப்பது என்ன பண்பாடு என்று மாணவரிடத்திலும் கூறியதுண்டு. அன்று அந்த எண்ணம் சற்றே அசைந்தது. திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடித்து முடிந்ததும், வாய்க்கரிசி போடும் வேளையிலே, மகளின் கையிலிருந்த தொலைபேசியிலே தோழரின் முகம் தோன்றிற்று. அங்கே நள்ளிரவு கழிந்து ஒன்றரை மணி. வேட்டி கட்டியிருந்தார். அவருக்கு முன்னால் மேசையிலே ஒரு கிண்ணத்தில் அரிசி இருந்தது. இங்கே மகள் அரிசியிட்ட அதே கணத்தில் அவரும் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்தார். எடுத்தவர் அதை எங்கே போடுவதென்று தெரியாமற் கையிலே பிடித்துக்கொண்டு இருந்தார். பின்னர் பிரேதத்தை வெளியே எடுத்தார்கள், தொலைபேசியும் கைமாறிற்று. நாம் சுடலைக்குப் போனோம். அங்கே சிறிய தகப்பனாரின் மகன் தலை மழித்து, கொள்ளிக்குடத்தைத் தோளிலே சுமந்து சுற்றி வந்து, பின்னே திரும்பிப் பாராமற் கொள்ளி வைத்தார்.

சனிக்கிழமை அதிகாலை இரவுப் புகையிரதத்திலே தோழர் வந்து இறங்கினார். சுன்னாகம் நிலையத்திலே நாம் காத்திருந்தோம். தை மாதப் பனியிலே ஒரு சிறு பையுடன் வந்தார். வழியிலே ஒன்றும் பேசவில்லை. ஒழுங்கையிலே வாழைகள் இன்னும் சாய்ந்து நின்றன; வேலியிலே கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. அதிலே தந்தையாரின் படத்தைப் பார்த்து நின்றார். பின்னர் முற்றத்துக்கு வந்து, பந்தலையும் அடுக்கி வைத்த கதிரைகளையும் நோக்கி, “எல்லாம் முடிஞ்சுது, என்ன?” என்றார்.

தாயார் குந்திலே இருந்தார். மகன் காலடியிலே இருந்து, “ஏனம்மா பொறுக்கேல்லை?” என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. ஆயினும் அந்தக் கேள்விக்காகத்தான் அத்தனை நேரமும் வானிலும் வழியிலும் இருந்திருக்கிறார் என்பது தெரிந்தது.

தாயார் கூறியதை இயன்றவரை அவருடைய மொழியிலேயே தருகிறோம். “அவர் தந்தி குடுத்துத் திரிஞ்ச மனுசன். எத்தினை வீட்டிலை பிரேதத்தை வைச்சுக்கொண்டு பிள்ளையைப் பாத்திருந்ததுகள் எண்டு கண்டவர். ஓடி வாற பிள்ளைக்குக் கடைசியாய் மிஞ்சிறது அந்த முகம்தான், அது வேண்டாம் எண்டு சொல்லுவார். நீ ஞாயிற்றுக்கிழமை கதைச்சனி. அந்த முகம் உனக்கு இருக்கட்டும்.”

தோழர் அப்போதுதான் அழுதார்.

அவர் ஐந்து கிழமை விடுமுறை எடுத்து வந்திருந்தார், பெரும்பகுதி சம்பளமில்லாதது. எட்டுச் செலவு கழிந்தது. தந்தையார் விரும்பி உண்ணும் பண்டங்களைப் படைக்க வேண்டும் அல்லவா? என்னென்ன வேண்டும் என்று மகனைக் கேட்டபோது, பருத்தித்துறை வடை, பனங்காய்ப் பணியாரம் என்று இரண்டைச் சொன்னார். தாயார் மெல்ல, “அதெல்லாம் நீரிழிவு வந்த பிறகு பத்து வருசமாய்த் தொடுறேல்லை. குரக்கன் பிட்டும் முருங்கையிலையும்தான்,” என்றார். இரண்டையும் படைத்தார்கள்.

இதற்கிடையே எமக்கு ஒரு வேலை வந்தது. எமது நாட்டிலே தமிழாசிரியனுக்கு இரண்டு கடமைகள் தப்பாமல் வந்துசேரும்: கலியாண வீட்டுக்கு வாழ்த்துப்பா, செத்த வீட்டுக்குக் கல்வெட்டு. முப்பத்தோராம் நாளுக்கு அச்சாகும் அந்த நினைவுமலருக்குத் திதி வெண்பாவும் வரலாறும் எழுதித் தரும்படி தோழர் கேட்டார். உள்ளதைச் சொல்வதானால், எம்மிடம் ஆயத்தமான ஓர் அச்சு உண்டு. பிறந்த ஊரின் வளம், குலப்பெருமை, கல்வி, உத்தியோகம், இல்லறம், மக்கட்பேறு, பிரிவாற்றாமை என்ற வரிசையிலே பெயர்களை மாற்றினால் முடிந்துவிடும். அந்தச் சோம்பலை இம்முறை தோழர் அனுமதிக்கவில்லை. “நானே எழுதிறன்; நீர் திருத்தும்,” என்றார். மூன்று நாட்களுக்குப் பின் ஒன்றரைப் பக்கம் கொண்டுவந்தார். தந்தையார் பிறந்தது முதல் 1999 வரை ஒன்றேகாற் பக்கம். எஞ்சிய இருபது ஆண்டுக்கு நான்கு வரி.

“எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்,” என்று தாளை எம்மிடம் நீட்டினார். அவர் முகத்தை நாம் பார்க்கவில்லை.

அதன்பின் அவர் ஊர் முழுவதும் நடந்தார். தந்தையாரோடு வாசிகசாலையிலே பத்திரிகை படித்தவர்களைக் கண்டார். மருந்துக் கடைக்காரரைக் கண்டார். கோயில் மடப்பள்ளியிலே உதவியவர்களைக் கண்டார். 2009ஆம் ஆண்டுக்குப் பின் வன்னியிலிருந்து ஒன்றுமில்லாமல் வந்த குடும்பமொன்றின் மூன்று பிள்ளைகளுக்கு மாலை வேளையிலே அவர் கணக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பதும், அவர்களில் ஒருத்தி இப்போது தாதியாகக் கடமை புரிகிறாள் என்பதும் மகனுக்கு அப்போதுதான் தெரிந்தன. அந்தப் பெண்ணே வந்து கூறினாள்.

பின்னர் தாயார் அலுமாரியிலிருந்து கொப்பிகள் சிலவற்றை எடுத்துக் கொடுத்தார். தபாற் கந்தோர்ப் பழக்கம் இளைப்பாறிய பின்னும் அவரை விட்டுப் போகவில்லை. வருகின்றவை, போகின்றவை யாவற்றுக்கும் பதிவு. கடிதம் வந்த நாள், கடித முத்திரையிலுள்ள நாள், இடையிலே சென்ற நாட்கள். மகன் அனுப்பிய பணம், அதிலே செலவு, மீதி வங்கியில். 2003 முதல் தொலைபேசி அழைப்புகள். ‘பிள்ளை பேசினான். 14 நிமிடம்.’ ‘பிள்ளை பேசினான். 6 நிமிடம். அவசரம்.’ அடுத்தடுத்த பக்கங்களிலே நிமிடங்கள் குறைந்துகொண்டே வந்தன. அழைப்பு வராத ஞாயிறுகளையும் அவர் விட்டுவிடவில்லை. ‘இன்று அழைப்பு இல்லை. அங்கே பனி.’ ‘அழைப்பு இல்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை.’ ‘அழைப்பு இல்லை. வேலை மாறியிருக்கும்.’ ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். கேட்டறிந்த காரணங்கள் அல்ல. அவராகவே எழுதி வைத்தவை. யூன் மாதத்து ஞாயிறு ஒன்றுக்கும் ‘அங்கே பனி’ என்று எழுதியிருந்தார்.

தோழர் அந்தக் கொப்பிகளை இரண்டு இரவு படித்தார். கல்வெட்டிலே அவற்றைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. நாமும் எழுதும்படி கூறவில்லை.

அந்தியேட்டிக்கு முன்னர் ஒரு சிக்கல் எழுந்தது. கொள்ளி வைத்தவரே அந்தியேட்டிக் கருமத்தையும் செய்யவேண்டும் என்றனர் சிலர்; மகன் வந்து நிற்கும்போது வேறொருவர் செய்வதா என்றனர் வேறு சிலர். தோட்டக்காரத் தம்பி இருபது நாளாக மழித்த தலையோடு விரதங் காத்து வந்தவர். அவரை விலகு என்று கூற எவருக்கும் நா எழவில்லை. அண்ணனும் தம்பியும் இதைப்பற்றித் தம்முட் பேசிக்கொள்ளவுமில்லை. குருக்கள் வந்து, தொடங்கியவர் தொடங்கட்டும், மகன் அருகிலே இருந்து தர்ப்பையை வாங்கிப் பிண்டம் இடட்டும் என்று வழி கூறினார். தம்பியின் முகத்திலே அப்போது தோன்றிய ஆறுதலை நாம் கண்டோம். பின்னர் ஒருநாள் அவர் எம்மிடம், “பெரியப்பாவுக்குச் செய்தது எனக்குப் பாரமில்லை, மாஸ்ரர். அண்ணை என்னைப் பாக்கிற பார்வைதான் பாரமாய்க் கிடந்தது,” என்றார். ஊரிலே தங்கியவருக்கும் ஊரைவிட்டுப் போனவருக்கும் இடையே இவ்வாறு பேசப்படாத சுமைகள் எத்தனையோ. பெற்றவர்களை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது ஒருவர். அதற்குப் பணம் அனுப்புவது இன்னொருவர். எவர் கடன் பெரிது என்று தராசு பிடிக்கத் தொடங்கினால் குடும்பம் நிற்காது.

கீரிமலைக்கு விடியற்காலையிலே போனோம். கடலுக்கு ஒரு சுவர் மட்டும் அப்பால் நன்னீர் ஊறுகின்ற அந்தக் கேணியின் வியப்பை மாணவர் அறிந்திருக்கவேண்டும். வலிகாமத்தின் தரைக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, நிலத்தடியாலே ஓடி, கடலோரத்திலே ஊற்றாக வெளிப்படுகிறது. நாம் தோட்டத்துக்கு இறைக்கும் தண்ணீரும் இந்தத் தண்ணீரும் ஒன்றே. கீரிமுகம் நீங்கிய நகுல முனிவர் கதையும் குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லி கதையும் யாவருக்குந் தெரிந்தவை. ஆனால் 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின் நெடுங்காலம் இந்தக் கரை உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டிருந்தது என்பதை இன்றைய மாணவர் சிலர் அறியார். அந்நாட்களில் இறந்தவர்களுக்கு வேறு கரைகளிலேதான் அந்தியேட்டி நடந்தது. தோழரின் பேத்தியாருக்கும் அப்படியே. அதனால் அன்றைக்குத் தாயார், “மாமிக்கும் சேர்த்து ஒருக்கால் முழுகு,” என்று மகனிடம் கூறி அனுப்பியிருந்தார்.

தோழர் அங்கே தலை மழித்தார். கருமம் முடிந்து, காடாற்றிலன்று எடுத்து வைத்த அஸ்தியைக் கடலிலே கரைத்தபின், கேணியிலே இறங்கினார். இரண்டு முறை மூழ்கினார். தம்பி படியிலே நின்று துவாயை நீட்டினார்.

அன்று மாலை திதியைப்பற்றி ஒரு பேச்சு எழுந்தது. ஆண்டுதோறும் திதி எந்த நாளிலே கொடுப்பது என்று தோழர் கேட்டார். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையேயுள்ள கோணத்தைப் பன்னிரண்டு பாகை பன்னிரண்டு பாகையாகப் பகுத்துக் கணிப்பது; ஆதலால் அட்டமி தொடங்கும் கணமும் முடியும் கணமும் உலகமெங்கும் ஒன்றே. ஆனால் அக்கணத்திலே இங்கே திங்கள் காலை என்றால் அங்கே ஞாயிறு மாலை. ஆகவே அங்குள்ள நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்த்துச் செய்யவேண்டும் என்று விளக்கினோம். அவர் சற்று யோசித்தார். “அப்ப இஞ்சை அம்மா செய்யிற நாளும் நான் செய்யிற நாளும் சில வருசம் வேறையாய் வரும்,” என்றார். வரும் என்றோம்.

தாயாரை என்ன செய்வது என்பது கடைசிவரை பேசித் தீராத விடயமாக இருந்தது. மகன் கனடாவுக்கு அழைத்தார்; மகள் வவுனியாவுக்கு அழைத்தார். வீடு தாயாரின் சீதன வீடு. ஒல்லாந்தர் 1707இலே தொகுத்துவைத்த தேசவழமையின் நிழல் இன்னும் எம்மீது விழுந்திருக்கிறது. தாய்வழி வந்த வீடு மகளுக்கு என்பது எழுதாத ஒப்பந்தம். ஆகவே சொத்துப் பிரச்சினை எதுவும் அங்கே இல்லை. அது பெரும் புண்ணியம். பிரச்சினை அந்த ஒரு மனிதியைப் பற்றியது. கனடாவுக்கு 2012இலே ஒருமுறை சென்று ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர் அவர். “பிள்ளையள் வேலைக்குப் போவினம், பேரப்பிள்ளையள் பள்ளிக்கூடம் போவினம், நான் யன்னலுக்குள்ளாலை பனி பாப்பன். இஞ்சை எண்டால் கிணத்தடியிலை நாலு பேர் வருவினம்,” என்றார். மகன் மேலும் வற்புறுத்தவில்லை. அவர் வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று மகள் இன்றும் கூறுகிறார். எமக்கும் இதிலே முடிந்த கருத்தொன்று இல்லை. எழுபது வயதுப் பெண்ணைத் தனி வீட்டிலே விட்டுப் போவது சரியன்று. அவருடைய கிணற்றடியிலிருந்து அவரைப் பிடுங்குவதும் சரியன்று.

புறப்படும் நாளிலே தோழர் அந்தக் கொப்பிகளைக் கேட்டார். தாயார் பழையவை எல்லாவற்றையும் கொடுத்தார். கடைசிக் கொப்பியை மட்டுங் கொடுக்கவில்லை. அதிலே இன்னும் பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

இரண்டு மாதங் கழித்து, சித்திரைப் புத்தாண்டு முடிந்தபின் ஒரு திங்கட்கிழமை, அவ்வழியே போனபோது வீட்டுக்குள் எட்டிப் பார்த்தோம். தாயார் தேநீர் தந்தார். பின்பு மேசையிலிருந்த கொப்பியைத் தூக்கி எம்மிடம் நீட்டினார். தந்தையாரின் கடைசிப் பதிவு, ‘பிள்ளை பேசினான். 11 நிமிடம். சளி,’ என்பது. அதன் கீழே ஒரு வரி இடைவெளி. பின்னர் வேறொரு கையெழுத்து, பென்சிலினாலே, ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு வரியாக ஓடிற்று. நேற்றைய பதிவுக்கு நேரே 32 என்று இருந்தது. இலக்கத்துக்கு அப்பால் வெறுமை.

“மாஸ்ரர், நிமிடம் எண்டு எழுதிறதோ, நிமிசம் எண்டு எழுதிறதோ? அவரைக் கேட்டு வைக்கேல்லை,” என்றார்.

நிமிடம் என்றே எழுதுங்கள், அவரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்றோம். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.